கிரீன் டே விலை போனார்களா? 'டூக்கி'க்கு முன்னும் பின்னும்

1. வேளச்சேரி விக்கி

கிரீன் டே என்ற அமெரிக்க பங்க் ராக் பேண்ட் 1993ல் வார்னர் குழுமத்தைச் சேர்ந்த ரிப்ரீஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. 1994 பிப்ரவரியில் 'டூக்கி' ஆல்பம் வந்தது. அதற்கு மேல் நடந்தது உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்தக் கையெழுத்துக்காக அவர்களுடைய சொந்த ஊர்ப் பங்க் கூட்டமே அவர்களை ஒதுக்கி வைத்தது என்று படித்தேன். எனக்குப் புரியாதது இதுதான்: மூன்று பையன்கள் நல்ல பாட்டாகப் போட்டார்கள், கேட்க ஆள் கிடைத்தது, பெரிய கம்பெனி கூப்பிட்டது, போனார்கள். இதில் துரோகம் எங்கே வந்தது?

இன்னொன்று. அந்த வெற்றியைக் கொடுத்தது கம்பெனியா, இல்லை அவர்களே கொண்டு வந்ததா? எங்கள் கல்லூரி பேண்டில் இதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.

2. சும்மா இருப்பவன்

கிட்டாரில் மூன்று கார்டு (சுரக்கூட்டு), இரண்டு நிமிடம், கோடிக்கணக்கில் பிரதி. துரோகமோ என்னமோ, அந்த ஒப்பந்தத்தை யாராவது என்னிடம் நீட்டினால் பேனா கூடக் கேட்க மாட்டேன்.

3. பழைய கேசட்

விக்கி தம்பி, 1993லிருந்து ஆரம்பித்தால் கதை பாதிதான் கிடைக்கும். கொஞ்சம் பின்னாலே போவோம்.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், வடக்கே ரோடியோ என்று ஒரு சின்ன ஊர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டிய ஊர். பாடி கிட்டார் வாசிக்கும் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் அங்கே வளர்ந்தவர், ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா லாரி ஓட்டுவார், ஜாஸ் டிரம்ஸும் வாசிப்பார். 1982ல் புற்றுநோயில் இறந்துவிட்டார், பையனுக்கு அப்போது பத்து வயது. அம்மா உணவகத்தில் பரிமாறும் வேலை. பாஸ் கிட்டார் வாசிக்கும் மைக் டர்ன்ட் பள்ளியில் சேர்ந்த கூட்டாளி. அவருடைய வீட்டு நிலைமையும் சரியில்லை. பதின்ம வயதில் பில்லி ஜோ வீட்டிலேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். 1987ல் ஸ்வீட் சில்ட்ரன் என்ற பெயரில் பேண்ட் ஆரம்பித்தார்கள். முதல் மேடை எது தெரியுமா? வலேஹோ ஊரில் அந்த அம்மா வேலை பார்த்த அதே உணவகம்.

அப்புறம் பக்கத்து பெர்க்லி ஊரில் 924 கில்மன் ஸ்ட்ரீட் என்ற பங்க் அரங்கு. 1986 கடைசி நாள் இரவு திறந்த இடம். தொண்டர்களே நடத்துவார்கள். எந்த வயதினரும் வரலாம். குடி கிடையாது, போதை கிடையாது, அடிதடி கிடையாது, இனவெறி, பெண்வெறுப்பு, ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்துவது எதுவும் கூடாது. விதிகளைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். வீட்டில் தங்கப் பிடிக்காத, பாருக்குள் போக வயது வராத பையன்களுக்கு அதுதான் புகலிடம். ஸ்வீட் பேபி என்று அங்கே ஏற்கெனவே ஒரு பேண்ட் இருந்ததால், பெயர்க் குழப்பம் வேண்டாம் என்று இவர்கள் 1989ல் கிரீன் டே ஆனார்கள்.

லாரி லிவர்மோர் என்பவரையும் சொல்லியாக வேண்டும். லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் என்ற குட்டிக் கம்பெனியின் முதலாளி. முதலாளி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்; அவரும் ஒரு பேண்ட் பையன்தான், வயது மட்டும் கூட. 1988ல் வடக்கே மலைப்பக்கம் ஒரு குடிசை வீட்டில் பள்ளிப் பிள்ளைகளின் விருந்து. அங்கே இந்தப் பையன்கள் வாசிக்க வந்தார்கள். மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர்தான். கேட்க வந்தவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கு, பெரிய விளையாட்டரங்கில் நிற்பது மாதிரி நினைத்துக்கொண்டு வாசித்தார்கள் என்று லிவர்மோர் பின்னாளில் எழுதியிருக்கிறார். இவர்களுக்கு இசைத்தட்டு போடுவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டாராம். 1990ல் முதல் ஆல்பம், சில நூறு டாலர் செலவில். முதல் டிரம்மர் ஜான் கிஃப்மேயர் கல்லூரிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு லிவர்மோரின் பேண்டிலேயே பன்னிரண்டு வயதிலிருந்து டிரம்ஸ் அடித்த ட்ரே கூல் வந்தார். பில்லி ஜோ பதினெட்டு வயது நிறைவதற்கு முதல் நாள் பள்ளியை விட்டார்.

இரண்டாவது ஆல்பம் 'கெர்பிளங்க்' 1991 கடைசியில் வந்தபோது இவர்கள் ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றி, கடன் வாங்கிய கருவிகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது ஐம்பதாயிரம் பிரதி போனது. விளம்பரமே இல்லாத கம்பெனிக்கு ஐம்பதாயிரம் என்பது தலை சுற்றும் எண்ணிக்கை. அமெரிக்காவில் ஓடின நாட்களில் வண்டி என்ன தெரியுமா? நடமாடும் நூலகமாக இருந்த பழைய வண்டியை மாற்றியமைத்து, ட்ரே கூலின் அப்பாவே ஓட்டினார்.

ஆக, ரிப்ரீஸ்காரர்கள் வரும்போது அடுப்பில் ஏற்கெனவே சோறு வெந்திருந்தது. இலை போட்டது மட்டும்தான் அவர்கள்.

4. மல்லிகா_ம

கேசட் அண்ணா, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கோபப்பட்டவர்கள் தரப்பை யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் கில்மன் கூட்டம் தனக்கென்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருந்தது. சொந்த அரங்கு, சொந்தத் தட்டுக் கம்பெனிகள், பேண்டுகள் ஒருவர் வீட்டுத் தரையில் மற்றவர் படுத்துக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம், மேக்ஸிமம் ராக்அன்ரோல் என்ற மாதப் பத்திரிகை. அந்தப் பத்திரிகையின் டிம் யோஹானன்தான் கில்மன் தொடங்கவும் முன்னின்றவர். பெரிய கம்பெனி இல்லாமலே வாழலாம் என்பதுதான் அவர்கள் பாட்டின் பொருளே. பெரிய கம்பெனி பேண்டுகளுக்கு மேடை கிடையாது என்பதும் அங்கே விதி. கிரீன் டே வந்த பிறகு அவர்களுக்காகப் போட்ட விதி இல்லை அது. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார்கள். தெரிந்தே போட்டவர்களை உள்ளே விடாததை 'ஒதுக்கி வைத்தார்கள்' என்று அழுவது நியாயமா?

1991ல் நிர்வாணா என்ற ராக் பேண்ட் பெரிய வெற்றியாக வெடித்த பிறகு எல்லாக் கம்பெனியும் அடுத்த நிர்வாணா எங்கே என்று ஒவ்வொரு ஊராகத் துழாவிக்கொண்டிருந்தன. அந்த வேட்டையில் ஒரு பேண்ட் போனால் அது அந்த பேண்டோடு முடியாது. கூட்டத்தோடு ஆள் வரும், ஒப்பந்தக் காகிதம் வரும், முந்தாநாள் வரை ஒன்றாக வேன் தள்ளியவர்களுக்குள் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற பொறாமை வரும். யோஹானனின் பத்திரிகை 1994 ஜூன் இதழ் முழுவதையும் பெரிய கம்பெனிகளுக்கு எதிராகவே போட்டது. ஒப்பந்தத்தில் முன்பணம் எப்படிக் கடனாக மாறுகிறது, ஒரு பேண்டுக்குக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கில் தப்பில்லை. கிரீன் டே தப்பிப் பிழைத்தது என்பதால் கணக்கு பொய்யாகிவிடாது.

5. வேளச்சேரி விக்கி

அக்கா, அப்படியானால் அவர்கள் ஏன் போனார்கள்? லுக்அவுட்டிலேயே இருந்திருக்கலாமே. ஐம்பதாயிரம் விற்ற கம்பெனி அடுத்ததை ஒரு லட்சம் விற்றிருக்காதா?

6. பழைய கேசட்

விற்றிருக்கும். ஆனால் அப்போதே 'கெர்பிளங்க்' பல ஊர்களில் கடைகளில் கிடைக்கவில்லை. கூட்டமோ கில்மன் அளவை எப்போதோ தாண்டிவிட்டது. வெளியூரில் வாசிக்கும் இடங்களுக்கு வெளியே உள்ளே போக முடியாதவர்கள் நிற்பார்கள். லிவர்மோர் தடுக்கவில்லை, நல்லபடியாகவே பிரிந்தார்கள். பழைய இரண்டு ஆல்பங்களும் லுக்அவுட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். இந்த ஒரு விஷயத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பெரிய கம்பெனிக்குப் போகிறவர்கள் வழக்கமாகப் பழைய தட்டுகளையும் இழுத்துக்கொண்டு போவார்கள். இவர்கள் விட்டுப்போன இரண்டும் 'டூக்கி'க்குப் பிறகு லுக்அவுட்டைப் பல வருடம் வாழ வைத்தன. அந்தப் பணத்தில்தான் அங்கே எத்தனையோ சின்ன பேண்டுகளின் தட்டு வந்தது.

ரிப்ரீஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ராப் கவல்லோ என்ற இளம் தயாரிப்பாளர். கேட்டவுடன் அவரே கிட்டாரை எடுத்து பீட்டில்ஸ் பாட்டு வாசித்துக் காட்டக் கூடிய ஆள். மற்ற கம்பெனிக்காரர்கள் விருந்து கொடுத்துப் பேசினார்கள், இவர் உட்கார்ந்து வாசித்தார். அதில்தான் பையன்கள் விழுந்தார்கள்.

7. ஆறு நரம்பு

சண்டையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஆல்பத்தைக் கேளுங்கள். விக்கியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

'கெர்பிளங்க்'கிலும் 'டூக்கி'யிலும் ஒரே பாட்டு ஒன்று இருக்கிறது: 'வெல்கம் டு பாரடைஸ்'. வீட்டை விட்டு வந்து மேற்கு ஓக்லாந்தில் ஒரு பாழடைந்த கிடங்கில் தங்கியிருந்த நாட்களைப் பற்றியது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் கம்பெனி என்ன சேர்த்தது, என்ன சேர்க்கவில்லை என்று காதிலேயே தெரியும். மெட்டு அதே மெட்டு. வரிகள் அதே வரிகள். வேகம் கிட்டத்தட்ட அதே. மாறியது ஒலி. பழையதில் கிட்டார் மெல்லிய தகரம் மாதிரி ஒலிக்கும், டிரம்ஸ் பின்னால் எங்கோ கிடக்கும். புதியதில் கிட்டாரைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கி, இடதும் வலதும் சுவர் எழுப்பியிருப்பார்கள். நடுவில் பாஸ் தனியாக, தெளிவாக.

பில்லி ஜோ பயன்படுத்தியது விலை உயர்ந்த கிட்டார் இல்லை. ஃபெர்னாண்டஸ் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் நகல், சின்ன வயதில் அவருடைய ஆசிரியரிடமிருந்து வந்தது. மேலெல்லாம் ஸ்டிக்கர். பாலத்துக்கு (நரம்புகள் கீழே பதியும் இடம்) பக்கத்தில் மட்டும் ஹம்பக்கர் என்ற தடித்த ஒலி தரும் பிக்கப் மாற்றியிருந்தார். அதை மாற்றியமைத்த மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் சொருகினார். எல்லா நரம்பையும் அரைச் சுதி இறக்கி வைத்திருப்பார்கள், குரலுக்கு வசதியாக. விக்கி, உங்கள் பேண்டில் வாசிக்கும்போது அதே சுதியில் வைத்துப் பாருங்கள், பாடுபவர் தொண்டை பிழைக்கும்.

இப்போது 'லாங்வியூ'. ஆல்பத்திலிருந்து முதலில் தனிப்பாட்டாக (சிங்கிள்) வெளியிட்டது இதுதான். சரணத்தில் கிட்டாரே கிடையாது. ஆட்டமான தாளத்தில் டிரம்ஸ், அதன் மேல் உருண்டு வரும் பாஸ், அதற்கு மேல் குரல், அவ்வளவுதான். பல்லவி வரும்போதுதான் கிட்டார் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். நிர்வாணா பழக்கிவிட்ட அமைதி, இரைச்சல், மறுபடி அமைதி என்ற முறைக்கு வானொலிக்காரர்களின் காது ஏற்கெனவே தயாராக இருந்தது. ஆனால் அதில் இருந்த இருட்டு இதில் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துச் சலித்துப்போன ஒருவனின் கிண்டல் இது. அந்த பாஸ் வரிசை போதையில் இருந்தபோது பிறந்ததென்று மைக் டர்ன்டே சொல்லியிருக்கிறார். பிறகு தெளிந்த நிலையில் உட்கார்ந்து அதை நினைவுபடுத்தி வாசித்தாராம்.

பதிவு நடந்தது லாஸ் ஏஞ்சலிஸில் இல்லை. பெர்க்லியிலேயே ஃபேன்டசி ஸ்டூடியோ, கில்மன் இருக்கும் அதே ஊர். சுமார் மூன்று வாரம். முதலில் செய்த ஒலிக் கலவை (மிக்ஸிங்) பையன்களுக்குப் பிடிக்கவில்லை, மறுபடி செய்யச் சொன்னார்கள். இரண்டாவது தடவை கலந்தவர் ஜெர்ரி ஃபின். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

என் கணக்குப்படி பாட்டு அவர்களுடையது, ஒலி கம்பெனிக் காசினால் வந்தது. இரண்டில் ஒன்றில்லாமல் வானொலியில் ஏறியிருக்காது.

8. ஸ்கார்பரோ பெடியன்

நான் கொஞ்சம் வேறு பக்கத்தால் சொல்கிறேன். 94ல் நான் கனடாவில் உயர்நிலைப் பள்ளிக்கூடம். வந்து சில வருசம்தான், ஆங்கிலம் அரைகுறை. எங்கட பெடியன்கள் பகலில் ராப் கேட்போம், வீட்டில் அம்மா போடும் பழைய பாட்டுகள். வெள்ளைக்காரப் பெடியன்களின் சத்தப் பாட்டு எங்களுக்கு ஒட்டாது.

மச்மியூசிக் சேனலில் 'லாங்வியூ' ஓடத் தொடங்கின பிறகுதான் நின்று பார்த்தேன். அந்த வீடியோவில் ஒன்றும் இல்லை. நிலத்தடி வீடு, கிழிந்த சோபா, தொலைக்காட்சி, சும்மா இருக்கிற ஒருவன். கடைசியில் சோபாவைக் குத்திக் கிழிப்பான், இறகு எல்லா இடமும் பறக்கும். அது செட் இல்லை, பேண்ட் உண்மையில் இருந்த வீடு என்று பிறகுதான் அறிந்தேன். நாங்களும் பேஸ்மென்டில்தான் வாடகைக்கு இருந்தோம். அப்பா இரண்டு வேலை, அம்மா ஒரு வேலை, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் தொலைக்காட்சியும். ஜன்னலால் பார்த்தால் நடந்து போகிற ஆட்களின் சப்பாத்து மட்டும் தெரியும். பாட்டின் ஒரு சொல் விளங்காமலே எனக்கு அது முழுக்க விளங்கிச்சுது.

அதனால் கில்மன் ஆட்கள் கோபப்படுவது அவர்கள் விசயம். வார்னர் கம்பெனி அந்த வீடியோவைக் கொண்டுவந்து போடாவிட்டால் பெர்க்லியில் ஒரு மண்டபத்தில் நடக்கிறது என் பேஸ்மென்டுக்கு எப்படி வரும்? மல்லிகா தங்கச்சி இதற்கு என்ன சொல்லுவா?

9. மல்லிகா_ம

அண்ணா, நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்தது. ஆனால் இரண்டு பெயர் சொல்கிறேன், யோசியுங்கள்.

முதலாவது தி ஆஃப்ஸ்பிரிங். தெற்குக் கலிஃபோர்னியா, ஆரஞ்ச் கவுண்டி. 'ஸ்மாஷ்' ஆல்பம் 1994 ஏப்ரல் 8 அன்று வந்தது, 'டூக்கி'க்கு இரண்டு மாதம் கழித்து. வெளியிட்டது எபிடாஃப், பேட் ரிலிஜியன் பேண்டின் பிரெட் குரெவிட்ஸ் நடத்திய சொந்தக் கம்பெனி. லாஸ் ஏஞ்சலிஸின் கே-ராக் வானொலி ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது. பெரிய கம்பெனி இல்லாமலே. அவர்களும் உங்கள் பேஸ்மென்டுக்கு வந்திருப்பார்களே? அதே வருடம் கில்மன் கூட்டத்திலிருந்து வந்த ரான்சிட் பேண்டையும் பெரிய கம்பெனிகள் சுற்றிச் சுற்றி வந்தன. அவர்கள் போகாமல் எபிடாஃபிலேயே நின்றார்கள், குறைந்துபோய்விடவில்லை.

இரண்டாவது ஜாபிரேக்கர். சான் ஃபிரான்சிஸ்கோ. பெரிய கம்பெனிக்குப் போகவே மாட்டோம் என்று மேடையிலேயே சொன்ன பேண்ட். 1993ல் நிர்வாணாவோடு சில ஊர்களில் வாசித்ததற்கே ஏச்சு வாங்கினார்கள். பிறகு கெஃபன் குழுமத்தில் கையெழுத்துப் போட்டு 1995ல் 'டியர் யூ' வெளியிட்டார்கள். தயாரித்தவர் யார்? அதே ராப் கவல்லோ. பழைய ரசிகர்கள் மேடையில் அந்த ஆல்பத்தின் பாட்டுகள் வந்தபோது முதுகைத் திருப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். புதிய ரசிகர்கள் வரவில்லை. 1996ல் பேண்ட் கலைந்தது. அதே வட்டாரம், அதே தயாரிப்பாளர், அதே மாதிரி ஒப்பந்தம். பாட்டுகளும் மோசமில்லை, இன்று அந்த ஆல்பத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்.

பத்திரிகைக்காரர்கள் பயந்தது கிரீன் டேக்காக இல்லை, ஜாபிரேக்கர் மாதிரி ஆகப் போகிறவர்களுக்காக.

10. சும்மா இருப்பவன்

அக்கா ஆஃப்ஸ்பிரிங்கைச் சொன்னீர்கள், அவர்கள் 1996ல் கொலம்பியா கம்பெனிக்குப் போனதைச் சொல்லவில்லையே. 🙂

11. மல்லிகா_ம

கோடி விற்ற பிறகு போனார்கள். பேரம் பேசும் இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டும் ஒன்றா?

12. பழைய கேசட்

மல்லிகா சொன்னதில் ஜாபிரேக்கர் பகுதி முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டியது. ஆனால் 1994ஐ ஒரு தடவை மாத வாரியாகப் பார்த்தால், கம்பெனி திட்டமிட்டுச் செய்தது மாதிரி தெரியாது.

பிப்ரவரி 1ல் ஆல்பம். மேலே ஏறவில்லை, மெதுவாக ஊர்ந்தது. வசந்தத்தில் எம்டிவி 'லாங்வியூ'வைத் திரும்பத் திரும்பப் போட்டது. ஏப்ரலில் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்தார். ராக் வானொலி முழுக்கத் துக்க வீடு. அந்த இடத்தில், வலியைப் பற்றித்தான் பாடினாலும் துள்ளிக்கொண்டு பாடும் ஒரு பேண்ட் வந்து நின்றது. 'பாஸ்கெட் கேஸ்' பில்லி ஜோவுக்கு வரும் பதற்றத்தைப் பற்றிய பாட்டு. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்று கேட்கிற பாட்டு. அதைக் கூட்டம் குதித்துக்கொண்டு பாடுகிறது. கோடையில் லாலபலூசா என்ற சுற்றுத் திருவிழா, அதன் பிற்பாதியில் முதல் ஆளாக மேடை ஏறினார்கள்.

ஆகஸ்ட் 14. வுட்ஸ்டாக் திருவிழாவின் இருபத்தைந்தாம் ஆண்டு, நியூயார்க் மாநிலம் சாகர்டீஸ். மழை பெய்து திடலே சேறு. கூட்டம் மேடைமேல் சேற்றை எறிந்தது, பில்லி ஜோ திருப்பி எறிந்தார். கடைசியில் ஆட்கள் மேடையில் ஏறிவிட்டார்கள், எல்லோரும் ஒரே சேற்று நிறம். பாதுகாவலர் ஒருவர் மைக் டர்ன்டையே ரசிகர் என்று நினைத்துக் கீழே தள்ளினார், பல் உடைந்தது. பணம் கட்டி நேரலையாகப் பார்த்த வீடுகளிலெல்லாம் இந்தக் காட்சி ஓடியது. எந்த விளம்பரக்காரனும் எழுதியிருக்க முடியாத காட்சி.

செப்டம்பர் 9, பாஸ்டன் நகரில் ஆற்றங்கரை அரங்கில் ஒரு வானொலி நிலையம் இலவச நிகழ்ச்சி வைத்தது. சுமார் 70,000 பேர் வந்துவிட்டார்கள். தடுப்புகள் சாய்ந்தன, ஏழெட்டுப் பாட்டிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று, கலவரம், கைது. ஆறு மாதத்துக்கு முன் யாருக்கும் தெரியாத பேண்ட். ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசையில் 2ஆம் இடம் வரை போனது. முதலிடம் பிடிக்காமலே அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி தாண்டியது. அந்த எண்ணிக்கைக்கான வைரச் சான்று 1999ல். 1995ல் கிராமியும் வந்தது.

மல்லிகாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பணமும் பெயரும் வந்த அந்த வருடமே அவர்கள் பெரிய அரங்குகளுக்குத் தங்களோடு கூட்டிக்கொண்டு போனது பான்ஸி டிவிஷன் என்ற லுக்அவுட் பேண்டை. தாங்கள் ஓரினச் சேர்க்கையாளர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதையே பாட்டாகப் பாடியவர்கள். எம்டிவி பார்த்துவிட்டு வந்த புறநகர்ப் பையன்கள் அவர்கள்மேல் கையில் கிடைத்ததை எறிந்தார்கள். கிரீன் டே மாற்று ஆளைத் தேடவில்லை. டிக்கெட் விலையையும் முடிந்தவரை குறைத்தே வைத்தார்கள். கில்மன் சுவரில் எழுதியிருந்த விதிகளை அரங்குக்குள் கொண்டு போனவர்களை அந்தச் சுவர்க்காரர்களே துரோகி என்றார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துவது.

13. மல்லிகா_ம

பான்ஸி டிவிஷன் விஷயம் அவர்களுக்குப் பெருமை சேர்ப்பது, மறுக்கவில்லை.

அதே 1994ல் கில்மனில் நடந்த அசிங்கத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் கொண்டு வருவீர்கள். டெட் கென்னடிஸ் பேண்டின் ஜெல்லோ பியாஃப்ராவைச் சிலர் உள்ளேயே வைத்து அடித்துக் காலை முறித்தார்கள், 'விலை போனவன்' என்று கத்திக்கொண்டு. அவர் பெரிய கம்பெனிப் பக்கமே போகாதவர், வாழ்நாள் முழுக்கச் சொந்தக் கம்பெனி நடத்தியவர். யாரைப் பார்த்தாலும் துரோகி என்று தோன்றும் அளவுக்கு அந்த வார்த்தை மலிந்துவிட்டது. அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்காக விதியே தப்பு என்று ஆகாது.

லுக்அவுட்டை வாழ வைத்தார்கள் என்றீர்களே, அதன் முடிவையும் சொல்லுங்கள். லிவர்மோர் 1997ல் விலகினார். பிறகு நடத்தியவர்கள் பணத்தை இறைத்தார்கள், பேண்டுகளுக்குப் பாக்கி விழுந்தது. 2005ல் கிரீன் டே தங்கள் பழைய ஆல்பங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2012ல் கம்பெனியே மூடப்பட்டது. ஒரு பேண்ட் கொண்டு வந்த திடீர்ப் பணம் ஒரு சின்னக் கம்பெனியை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

14. ஸ்கார்பரோ பெடியன்

பாக்கி வைத்தது கம்பெனி. பல வருசம் பொறுத்திருந்தது பேண்ட். இதில் பேண்டின் பிழை எங்கே? எனக்கு விளங்கவில்லை.

15. மல்லிகா_ம

பிழை என்று சொல்லவில்லை அண்ணா, விளைவு என்கிறேன்.

16. வேளச்சேரி விக்கி

ஜெர்ரி ஃபின் பெயர் பின்னால் வரும் என்று சொன்னீர்களே, ஆறு நரம்பு அண்ணா? அப்புறம் 'டூக்கி'க்குப் பிறகு அவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

17. ஆறு நரம்பு

ஜெர்ரி ஃபின்தான் 1999ல் பிளிங்க்-182 பேண்டின் 'எனிமா ஆஃப் தி ஸ்டேட்' ஆல்பத்தைத் தயாரித்தவர். 'டூக்கி'யில் கேட்ட அந்தச் சுவர் மாதிரியான கிட்டாரும் தெளிந்த டிரம்ஸும் அங்கே இன்னும் பளபளப்பாக இருக்கும். சான் டியேகோ பக்கத்து போவே ஊர்ப் பையன்கள் உலகம் முழுக்கப் போனதற்கு அந்த ஒலி பெரிய காரணம். அதற்குப் பிறகு வந்த பாப் பங்க் முழுக்க அந்த ஒலியைத்தான் நகல் எடுத்தது. 2002ல் கிரீன் டேயும் பிளிங்கும் சேர்ந்து ஊர் சுற்றியபோது பல மேடைகளில் கடைசியாக, அதாவது முக்கிய பேண்டாக, வாசித்தது பிளிங்க். தம்பி முன்னே, அண்ணன் பின்னே.

நடுவில் 1995ல் 'இன்சோம்னியாக்'. என் காதுக்கு 'டூக்கி'யைவிட நல்லது. இருட்டு, கோபம், ஒரு நிமிடம் வீணில்லை. விற்பனை குறைந்தது. அதில் '86' என்று ஒரு பாட்டு, பழைய இடத்துக்குத் திரும்பிப் போய்க் கதவடைக்கப்பட்டவனின் பாட்டு. கேசட் அண்ணா அதைச் சொல்லாமல் விட்டது ஆச்சரியம். 1997ல் 'நிம்ரோட்', அதில் கிட்டாரும் வயலினுமாக ஒரு மென்மையான பாட்டு. அமெரிக்காவில் பள்ளி விடைபெறும் விழாக்களில் அதைப் போடாமல் விடுவதில்லை. 2000ல் 'வார்னிங்' படுத்துவிட்டது. அடுத்த ஆல்பத்துக்குச் செய்து வைத்திருந்த ஒலிநாடாக்கள் திருடு போயின. அவற்றையே மறுபடி வாசிக்காமல் புதிதாக ஆரம்பித்ததில் வந்ததுதான் 2004ன் 'அமெரிக்கன் இடியட்'. இவர்களுடைய ஆல்பம் ஒன்று பில்போர்டில் முதலிடம் பிடித்தது அப்போதுதான். புஷ் காலம், ஈராக் போர், ஒன்பது நிமிடப் பாட்டுகள். பெரிய கம்பெனிக்குள் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒன்றைச் செய்ய முடிந்தது என்பதை இந்த விவாதத்தில் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

18. சும்மா இருப்பவன்

'இன்சோம்னியாக்' நல்லதா? இதற்குத் தனி இழை திறங்கள், நான் முழு நேரம் சண்டைக்கு வருகிறேன்.

19. பழைய கேசட்

'86'ஐ வேண்டுமென்றேதான் விட்டேன், கடைசியில் சொல்லலாம் என்று.

2015 ஏப்ரலில் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அதற்கு அடுத்த மாதம், மே 17 அன்று, கில்மனிலேயே வாசித்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் கழித்து. ஓக்லாந்தில் ஒரு தீ விபத்தில் ஏகே பிரஸ் என்ற பதிப்பகமும் பக்கத்து அச்சகமும் பாதிக்கப்பட்டன. அவர்களுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி. பெரிய கம்பெனி பேண்ட் கூடாது என்ற விதியை அந்த ஓர் இரவுக்குத் தளர்த்தினார்கள். உள்ளே சில நூறு பேர்தான் நிற்க முடியும். விளையாட்டரங்குகளை நிரப்பும் பேண்ட், பதினெட்டு வயதில் வாசித்த அதே தாழ்ந்த மேடையில்.

விதியை எடுத்துவிடவில்லை, தளர்த்தினார்கள், அவ்வளவே. அதைப் பேண்டும் பெரிதுபடுத்தவில்லை.

20. மல்லிகா_ம

அப்படித்தான் இருக்க வேண்டும். விதி இருந்ததால்தான் அந்த இரவுக்கு மதிப்பு. அவர்களை 1994லிலேயே விட்டிருந்தால் அந்த மண்டபம் எம்டிவி கேமராக்களால் நிறைந்து, கில்மன் என்ற பெயரே ஒரு சுற்றுலாத் தலமாகியிருக்கும். அடுத்த பதினைந்து வயதுப் பையன் வாசிக்க எங்கே போவான்?

விக்கி, உன் இரண்டு கேள்விக்கும் என் பதில்: கிரீன் டே செய்தது துரோகம் இல்லை. கில்மன் செய்ததும் தப்பில்லை. உங்கள் பேண்ட் எந்தப் பக்கம் என்பதை உங்களுக்கு யாராவது ஒப்பந்தம் நீட்டும்போது சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

21. வேளச்சேரி விக்கி

அக்கா, இப்போதைக்கு எங்களுக்கு டிரம்மரே இல்லை. 😅 போனவர் மேற்படிப்புக்குப் போய்விட்டார், கிஃப்மேயர் மாதிரி.

ஆறு நரம்பு அண்ணா, அரைச் சுதி இறக்கினால் நரம்பு தொளதொளவென்று ஆகிறது. கனமான நரம்பு மாற்ற வேண்டுமா?

22. ஆறு நரம்பு

பத்து அளவு நரம்பு போட்டிருந்தால் அடுத்த கனமான பதினொன்று போடு. மாற்றிய பிறகு கழுத்தின் வளைவை ஒரு தடவை சரிபார்த்துவிடு, இல்லையென்றால் மேல் கட்டைகளில் சுதி ஓடும்.